விலங்குகளின் பட்டியலை மாற்றும்போது வன்னியையும் கேளுங்கள்

தேசிய விலங்கியல் பூங்காத் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், அங்கே பணியாற்றும் கால்நடை வைத்தியர்கள், அதிகாரிகள் அனைவருக்கும்

வணக்கம்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை. வீட்டில் கொஞ்ச வயலும் கச்சான் தோட்டமும் உண்டு. காட்டு எல்லையில்தான் குடியிருக்கிறோம். மிருகக்காட்சிச்சாலையில் எந்த விலங்கை வைத்திருப்பது, எதை வெளிநாட்டிலிருந்து எடுப்பது, எதைப் பரிமாற்றமாகக் கொடுப்பது என்று நீங்கள் முடிவெடுக்கும்போது அதில் வன்னிக்கு என்ன வேலை என்று நினைக்கலாம். நிறைய வேலை இருக்கிறது. நீங்கள் கூட்டுக்குள் வைத்துக் காட்டும் கரடியும் சிறுத்தையும் யானையும் எங்களுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கின்றன. அவற்றோடு வாழ்வதற்கான விலையைப் பயிராகவும் சில வேளை உயிராகவும் கொடுப்பவர்கள் நாங்கள். ஆனால் உங்கள் திணைக்களத்தின் கீழுள்ள தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, பின்னவல யானைகள் சரணாலயம், 2015 இல் அதன் பக்கத்தில் திறந்த விலங்கியல் பூங்கா, 2016 இல் திறந்த ரிதியகம சபாரி பூங்கா ஆகிய நான்கில் ஒன்றுகூட வடக்கில் இல்லை.

எங்கள் பிள்ளைகளுக்குத் தெஹிவளை என்றால் கல்விச் சுற்றுலா. இரவோடு இரவாக பஸ் வெளிக்கிடும். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் சரையும் வாங்கிக்கொண்டு ஏ9 வீதியால் தெற்கே போவார்கள். சிங்கத்தைக் கண்டதும் அவர்கள் போடும் சத்தம் எனக்குப் பிடிக்கும். அந்தச் சந்தோசத்தைப் பறிக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை.

ஆனால் கரடி நிற்கும் இடத்துக்கு வந்தால் அவர்களின் பேச்சே மாறிவிடும். "மிஸ், இது எங்கட பாலைப்பழக் கரடியெல்லோ?" என்று ஒரு மாணவன் கேட்டான். அவனுடைய பெரியப்பா தேன் எடுக்கப் போன இடத்தில் கரடி அடித்து முகத்தில் தையல் போட்டவர். அந்தப் பிள்ளைக்குக் கரடி எந்த மாதம் எந்த மரத்தடியில் நிற்கும், புற்றை எப்படிக் கிளறும், எந்தப் பக்கம் காற்றடித்தால் நாங்கள் விலகிப் போகவேண்டும் என்பதெல்லாம் தெரியும். அவனுக்குத் தெரிந்ததில் ஒரு பகுதியைக்கூட எந்தக் கூட்டின் முன்னாலும் நின்று கற்க முடியாது.

கரடியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல விடுங்கள். எங்கள் காட்டுக் கரடி இலங்கையில் மட்டும் உள்ள துணையினம். உலர் வலயக் காடுகளை விட்டு வேறெங்கும் இல்லை. மொத்தமே ஆயிரத்துக்கும் குறைவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். பாலைப்பழக் காலத்தில் மரமேறித் தின்னும். மற்றக் காலத்தில் நகத்தால் கறையான் புற்றை உடைத்து, மண்ணை ஊதித் தள்ளி, நீண்ட உதட்டைக் குவித்து உறிஞ்சும். அந்தச் சத்தம் தூரத்துக்கே கேட்கும். நாளின் பெரும்பகுதி தேடுவதிலேயே போகும். இப்படித் தேடித் தின்பதற்காகவே உடம்பு அமைந்த ஒரு விலங்கை நாலு சுவருக்குள் விட்டு, நேரத்துக்குச் சாப்பாட்டை முன்னால் வைத்தால் மிச்ச நேரத்தில் அது என்ன செய்யும்? உலகத்துப் பல மிருகக்காட்சிச்சாலைகளில் கரடிகள் ஒரே தடத்தில் போய் வந்து, போய் வந்து கொண்டிருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பார்ப்பவர்கள் அதைக் கரடியின் குணம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

விலங்குகளின் பட்டியல் எப்படி உருவானது என்பதையும் பார்க்க வேண்டும். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையின் தொடக்கம் ஜோன் ஹாகன்பெக்கின் விலங்கு வியாபாரம். அவருடைய கம்பனி கலைக்கப்பட்ட பிறகு, 1936 இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. அவர் ஹம்பர்க் நகரத்து கார்ல் ஹாகன்பெக்கின் குடும்பம். உலகம் முழுவதுக்கும் விலங்கு விற்ற குடும்பம் அது. இலங்கையிலிருந்து யானைகளை மட்டும் அவர்கள் கொண்டுபோகவில்லை. 1880களில் இலங்கை மனிதர்களையும் கூட்டிப்போய் ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தார்கள். அதற்கும் முந்திய கணக்கு ஒன்று வன்னியிலேயே இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர்கள் என்ற எங்கள் சிற்றரசர்கள் கொடுத்த திறை யானைகள்தான். அவை ஆனையிறவுக் கடல்நீரேரியைக் கடந்து யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிச் செல்லப்பட்டு, இந்திய வியாபாரிகளுக்கு விலைபேசப்பட்டுக் கப்பலேறின. எங்கள் காட்டு விலங்கு யாரோ ஒருவரின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாகிப் போவது எங்களுக்குப் புதிதல்ல. அந்தக் கணக்குப் புத்தகத்தின் பழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை என்பதுதான் என் கவலை.

காவன் என்ற யானையின் கதையை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். 1985 இல் குட்டியாக இருந்தபோது இலங்கை அரசு அதைப் பாகிஸ்தானுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. இஸ்லாமாபாத் மிருகக்காட்சிச்சாலையில் சங்கிலியில் கட்டப்பட்டு வளர்ந்தது. துணையாக இருந்த சகேலி என்ற பெண்யானை 2012 இல் இறந்தபின் தனியே நின்றது. தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நின்ற அதன் படங்கள் உலகம் முழுக்கப் போயின. 2020 மே மாதம் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் அதை விடுவிக்கச் சொன்னது. அந்த ஆண்டு நவம்பர் முடிவில் விமானத்தில் கம்போடியாவின் ஒரு சரணாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் நாட்டு யானை ஒன்றுக்காக இன்னொரு நாட்டின் நீதிமன்றம் பேச வேண்டியிருந்தது. கொடுத்தவர்கள் என்ற முறையில் இந்தக் கதையில் எங்கள் நாட்டின் பெயர் முதல் வரியில் வருகிறது, பிறகு எங்குமே வரவில்லை. இது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காவனைக் கொடுத்த பிறகும் அன்பளிப்பும் பரிமாற்றமும் நிற்கவில்லை. 2012 இல் பின்னவலயிலிருந்து இரண்டு யானைகள் செக் நாட்டின் பிராக் நகரத்துக்குப் போயின. 2015 இல் அஞ்சலி என்ற யானை நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் போனது. அடுத்து நந்தி என்ற குட்டியை 2016 இல் நியூசிலாந்துப் பிரதமருக்கு அன்பளிப்பாக அறிவித்தார்கள். மக்கள் எதிர்த்து வழக்குப் போட்டதால் நந்தி போகவில்லை. அஞ்சலி என்ன ஆனது? யானைகளுக்குக் கூட்டம் வேண்டும், தங்களிடம் அதற்கு வழியில்லை என்று ஆக்லாந்து மிருகக்காட்சிச்சாலை முடிவெடுத்து, 2022 இல் அஞ்சலியை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. மிச்சமிருந்த பர்மா என்ற யானையும் 2024 இல் போய்விட்டது. வாங்கியவர்களே யானை வளர்ப்பதைக் கைவிட்டார்கள். தாய்லாந்து 2001 இல் எங்களுக்குத் தந்த முத்துராஜா என்ற யானையைத் திருப்பி எடுத்தது 2023 யூலையில். கொடுத்த விலங்கு எப்படி இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கும் கடமை கொடுத்தவருக்கு உண்டு என்று தாய்லாந்து காட்டியது. முத்துராஜா புறப்படுவதற்கு முன் மாதக்கணக்கில் தெஹிவளையில் வைத்து வைத்தியம் செய்தவர்கள் உங்கள் ஆட்கள். அதற்காக உங்களுக்கு மனமார நன்றி சொல்கிறேன்.

வெளியில் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். லண்டன் மிருகக்காட்சிச்சாலை 2001 இல் தன் யானைகளை நகரத்துக்கு வெளியே பெரிய இடத்துக்கு மாற்றியது. அமெரிக்காவின் டெட்ரொய்ட், குளிரும் இடநெருக்கடியும் யானைக்கு ஒத்துவராது என்று 2005 இல் தன்னிடமிருந்த இரண்டையும் கலிபோர்னியாவில் ஒரு சரணாலயத்துக்கு அனுப்பியது. இந்தியாவின் மத்திய மிருகக்காட்சிச்சாலை ஆணையம் 2009 இல் யானைகளை மிருகக்காட்சிச்சாலைகளில் வைக்கவே வேண்டாம் என்று உத்தரவிட்டது. புவெனஸ் அயர்ஸ் நகரம் 2016 இல் தன் பழைய மிருகக்காட்சிச்சாலையை மூடிச் சூழல் பூங்காவாக மாற்றத் தொடங்கியது. தெஹிவளையின் மொத்த நிலம் 30 ஏக்கர்கூட வராது. ரிதியகமவில் சுமார் 500 ஏக்கர் இருக்கிறது. நிலம் எவ்வளவு, விலங்குக்கு எவ்வளவு வேண்டும் என்ற கணக்கைப் போடாமல் இன்னொரு வெளிநாட்டு இனத்தைச் சேர்க்க வேண்டாம் என்பது என் முதல் வேண்டுகோள்.

இப்போது இருக்கிற சிங்கத்தையும் புலியையும் சிம்பன்சியையும் என்ன செய்வது? அவற்றை ஒன்றும் செய்ய வேண்டாம். 2021 இல் தோர் என்ற சிங்கத்துக்குக் கொரோனா வந்தபோது எல்லோரும் கவலைப்பட்டோம். இருப்பவற்றை நன்றாகப் பாருங்கள், கிழடாகும் வரை பாருங்கள். ஆனால் ஒன்று செத்தால் அந்த இடத்துக்கு அதேபோல் இன்னொன்றை எங்கிருந்தாவது எடுக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். வெறுமையாகும் கூட்டைப் பக்கத்துக் கூட்டோடு சேர்த்துவிட்டால், மிச்சமிருக்கும் விலங்குக்கு நடக்க இடம் கிடைக்கும். இதற்கு வெளிநாட்டுப் பணமோ புதிய காணியோ தேவையில்லை.

அப்படியென்றால் பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் நாட்டு விலங்குகளைப் பார்க்கட்டும். ஆனால் இந்த இடத்தில் மிகவும் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் நான் சொல்வதைத் தப்பாக எடுத்தால் காட்டுக்குத்தான் கேடு. உள்நாட்டு விலங்கு வேண்டும் என்பதற்காக ஒரு விலங்கைக்கூடக் காட்டிலிருந்து பிடிக்கக் கூடாது. அழுங்கைக் கூட்டில் வைத்து உயிரோடு காப்பது எவ்வளவு கடினம் என்று உங்கள் வைத்தியர்களுக்குத் தெரியும். எறும்பும் கறையானும் தின்று இரவில் திரியும் அந்தப் பிராணிக்குக் கூடு ஒரு தண்டனை. தேவாங்கும் அப்படித்தான். நான் சொல்வது வேறு விலங்குகளை. சுருக்குத் தடத்தில் கால் போன சிறுத்தை, தாயை இழந்த கரடிக்குட்டி, கடத்தல்காரரிடமிருந்து பிடிபட்ட நட்சத்திர ஆமைகள், தீனிக்குள் மறைத்த வாய்வெடியில் தாடை போன யானைக்குட்டி. இவை எப்படியும் மனிதர் கைக்கு வந்து சேர்கின்றன. இவற்றில் சுகமானவை காட்டுக்குத் திரும்ப வேண்டும். திரும்பவே முடியாதவை மட்டும் உங்கள் பட்டியலில் இடம்பிடிக்கட்டும். பின்னவலயில் கண்ணிவெடியில் பாதத்தை இழந்த சாமா மூன்று காலில் நிற்கிறாளே, அவளைப் பார்க்கிற எந்தப் பிள்ளைக்கும் போர் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு நிச்சயமாக வேண்டியதில்லை. அவர்களின் ஊரிலும் அந்தக் கண்ணிவெடிகள் இருந்தன.

இங்கேதான் என் இரண்டாவது வேண்டுகோள் வருகிறது, இதுதான் பெரியது. வன்னிக்கு ஒரு மீட்பு நிலையம் வேண்டும். மிருகக்காட்சிச்சாலை வேண்டாம். கூடு கட்டி ரிக்கெற் விற்கும் இடம் எங்களுக்குத் தேவையில்லை. காயப்பட்ட விலங்குக்கு வைத்தியமும், தாயற்ற குட்டிக்கு வளர்ப்பும், பிறகு விடுவிப்பும் நடக்கும் இடம் வேண்டும். உடவளவையில் 1995 இலிருந்து வனசீவராசிகள் திணைக்களம் நடத்தும் யானைக்குட்டி நிலையம் கண்முன்னே இருக்கிறது. அங்கே குட்டிகளுக்கு நேரத்துக்குப் பால் கொடுக்கிறார்கள். மனிதரோடு பழக்கம் வராதபடி தள்ளி நிற்கிறார்கள். நாலைந்து வயதானதும் கூட்டமாகக் காட்டில் விடுகிறார்கள். பின்னவலயில் வளர்ந்த யானை காட்டுக்குப் போவதில்லை, உடவளவையில் வளர்ந்தது போகிறது. எங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டால் உடவளவை வழிதான் வேண்டும். இரண்டு திணைக்களங்களும் ஒரு மேசையில் இருந்து கதைத்தால் முடியக்கூடிய காரியம் இது.

2018 யூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் நடந்ததை நாடே பார்த்தது. ஊருக்குள் வந்த சிறுத்தை பலரைக் காயப்படுத்தியது. ஊரார் பொல்லுகளால் அதை அடித்துக் கொன்றார்கள். அதைப் படமெடுத்துப் பரப்பினார்கள். பிறகு கைதுகள், வழக்கு. கொன்றவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. செத்த விலங்கோடு படமெடுத்ததை என்னால் மன்னிக்கவும் முடியவில்லை. ஆனால் இரத்தம் வழியும் ஆட்களும், புதருக்குள் பதுங்கிய சிறுத்தையும், கையில் பொல்லோடு ஊரும் நிற்கும் நேரத்தில், மயக்க ஊசித் துப்பாக்கியோடு ஒரு வைத்தியர் அரை மணித்தியாலத்தில் வந்து சேரக்கூடிய தூரத்தில் இருந்திருந்தால் அந்த நாள் வேறு மாதிரி முடிந்திருக்கலாம். மிருகக்காட்சிச்சாலை வைத்தியர்களைவிடச் சிறுத்தைக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவர்கள் இந்த நாட்டில் அதிகம் பேர் இல்லை. அந்த அறிவு தெஹிவளை மதிலுக்குள் மட்டும் இருக்கக் கூடாது.

இந்த நிலையம் எங்கே அமைய வேண்டும் என்பதிலும் ஒரு வார்த்தை. போருக்குப் பிறகு திரும்பி வந்த சனங்கள் தங்கள் வயலில் எல்லைக்கல் நட்டிருப்பதைக் கண்டு கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்த கதை வன்னியில் வீட்டுக்கு வீடு உண்டு. வனம், வனசீவராசிகள் என்ற பெயரைக் கேட்டாலே காணி போய்விடும் என்று பயப்படுகிறார்கள். ஆகவே ஒரு குடும்பத்தின் ஒரு பரப்புக் காணியையும் தொட வேண்டாம். 2015 இல் மடு வீதியையும் சுண்டிக்குளத்தையும் அரசாங்கம் தேசியப் பூங்காவாக அறிவித்ததே, அவற்றின் எல்லைக்குள் அரசுக் கட்டடம் போட இடமா இல்லை? ஊர் ஆட்கள் நம்பினால்தான் அடிபட்ட மானைக் கறியாக்காமல் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த நம்பிக்கை காணி விசயத்தில்தான் தொடங்கும். வேலைக்கு ஆட்களை எடுக்கும்போதும் தேன் எடுத்தவர்கள், மாடு மேய்த்தவர்கள் என்று காடு தெரிந்த எங்கள் பெடியளை எடுங்கள்.

என் ஊரில் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினால் சிலருக்குக் கோபம் வரும் என்பதும் தெரியும். "முதலில் யானைவேலி போடச் சொல்லுங்கோ ரீச்சர், பிறகு யானைக்கு ஆஸ்பத்திரி கட்டலாம்" என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2023 இல் மட்டும் நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன, 150க்கும் மேற்பட்ட மனிதர்கள் யானைகளால் செத்தார்கள். பெரும்போகம் அறுவடைக்கு வரும் காலத்தில் இரவு முழுக்கப் பரணில் இருந்து யானைவெடி கொளுத்துகிற மனிதனிடம் விலங்கன்பு பற்றிப் பாடம் எடுக்க எனக்கு மனம் வராது. ஆனால் வேலியும் நிலையமும் ஒன்றுக்கொன்று எதிரியில்லை. தொல்லை தரும் விலங்கைப் பிடித்து எங்காவது அடைத்துவிடுவது தீர்வாகவும் இல்லை. ஹொரவப்பொத்தானையில் யானைகளை அடைத்த இடத்தில் பல செத்தன, சில தப்பி ஓடின. 2023 ஏப்ரலில் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீன மிருகக்காட்சிச்சாலைகளுக்கு அனுப்பும் பேச்சு வந்தபோது, தென்னையில் ஒரு குரும்பைகூட மிஞ்சாத எங்கள் ஊரிலேயே பலர் கைதட்டினார்கள். இலங்கையில் மட்டுமே உள்ள ஓர் இனம் அது. அந்தத் திட்டம் நின்றது நல்லது. தோட்டக்காரனின் துயரத்தைக் காட்டி விலங்கை ஏற்றுமதி செய்யும் யோசனை இனியும் வரும். அப்போது உங்கள் திணைக்களம் முதல் ஆளாக மறுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், இது செலவில்லாதது. ஒவ்வொரு ஆண்டும் உங்கள் நான்கு இடங்களிலும் எத்தனை விலங்குகள் இருந்தன, எத்தனை பிறந்தன, எத்தனை செத்தன, எது எந்த நாட்டிலிருந்து வந்தது, எது எந்த நாட்டுக்கு எந்த ஒப்பந்தத்தில் போனது என்ற பட்டியலைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வெளியிடுங்கள். இந்தியாவின் மத்திய ஆணையம் தன் நாட்டு மிருகக்காட்சிச்சாலைகளின் இருப்புப் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதை வைத்துக் கணிதமும் படிப்பார்கள், கேள்வியும் கேட்பார்கள். எந்தப் பரிமாற்றத்துக்கும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த விபரம் மக்களுக்குத் தெரிந்திருந்தால், நந்திக்கு நடந்ததுபோல் கடைசி நேரத்தில் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டிய தேவை வராது.

அடுத்த பட்டியலைத் தீர்மானிப்பதற்கு முன் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டச் செயலகங்களில் ஒவ்வொரு கூட்டம் வையுங்கள். தமிழில் நடக்கட்டும். விவசாயச் சங்கங்களையும், மீனவர்களையும், பாடசாலைகளையும் கூப்பிடுங்கள். ஆனி மாதத்தில் வைத்தால் நல்லது. சிறுபோக வேலைக்கு நடுவிலும் ஆட்கள் வருவார்கள், பாலையும் பழுத்திருக்கும். காட்டைப் பார்க்க விரும்பினால் கூட்டிப்போக எங்கள் ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். கூட்டத் திகதியை இரண்டு கிழமைக்கு முன்னரே பாடசாலைகளுக்கு அறிவித்தால், பிள்ளைகள் தங்கள் கேள்விகளை எழுதிக்கொண்டு வருவார்கள்.

இப்படிக்கு,
கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து
ஒரு விஞ்ஞான ஆசிரியை